பதினொரு குடை

அரைப்பக்கம்தான்.
டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.
ஆறவிடாமல் குடிக்கிறவர்கள்
இரண்டு மடக்குக்கு நடுவே வாசிக்கலாம்.

எழுதியவர் தளவாய் கொம்பையா.
மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவராம்.
ஒரு வீட்டு வாசலில் நிற்கிற நேரத்துக்கு மேல்
எதையும் நீட்டிப் பழக்கமில்லை.

கதை இவ்வளவுதான்.
திசையன்விளை பஸ்ஸில் ஒருவர்
குடையை விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்.
மறுநாள் டிப்போவுக்குப் போகிறார்.
"அடையாளம் சொல்லும்வே" என்கிறார் அதிகாரி.
"கருப்பு."
"எல்லாம் கருப்புதான்."
"வளைஞ்ச பிடி."
"எல்லாம் வளைஞ்சதுதான்."
"மழை பெஞ்சா ஒழுகும்."

அதிகாரி விதிகளை மதிக்கிறவர்.
வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி
கிடந்த குடைகளை ஒவ்வொன்றாய் விரித்து
ஆளை அடியில் நிறுத்தி ஊற்றிப் பார்க்கிறார்.
பதினொன்றும் ஒழுகுகின்றன.
"அப்ப பதினொண்ணும் உம்மதுதான்.
கையெழுத்தைப் போட்டுட்டு எடுத்துட்டுப் போம்."

இதற்கு நீங்கள் சிரிக்கவில்லை என்றால்
தப்பு என்னுடையது.
தண்ணீர் ஊற்றும் முன்னால்
'பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டார்' என்று
இரண்டே சொல் எழுதியிருக்கிறார் மனுஷன்.
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.
சிரிப்பு அங்கேதான் பதுங்கிக் கிடக்கிறது.
அதனால்தான் சொல்கிறேன்,
என்னிடம் கேட்காதீர்கள், வாசியுங்கள்.

அல்வாத் துண்டு போல என்று எழுத வந்தது.
திருநெல்வேலிக்காரன் சொல்லக்கூடாத உவமை.
அடித்துவிட்டேன்.

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
இருபது பிரதி கேட்டேன்.
கடைக்கார செய்யது மீரான்
கண்ணாடியில் கவிழ்க்கப் போன தாளை
நிமிர்த்தி வாசித்தார்.
மெஷின் பாட்டுக்கு வெறும் வெளிச்சத்தை
நகல் எடுத்துக்கொண்டிருந்தது.
தனக்கு இரண்டு சேர்த்து எடுத்துக்கொண்டு
இருபத்திரண்டுக்குக் காசு வாங்கினார்.
கொடுத்தேன். விமர்சனம் என்றால் அதுதான்.

மச்சினன் பிரமநாயகம்
தலையணைக் கனத்துப் புத்தகமாய்ப் பார்த்து வாங்குகிறவன்.
வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஏதும் இருக்கிறதா என்று.
"இதுல என்ன கருத்து அத்தான்?"
"இருந்துச்சுடே. ஒழுகிட்டு."

முதலில் நான் இதை வாசித்தது
ஹைகிரவுண்டு ஸ்கேன் சென்டரில்.
வீட்டுக்காரியை உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள்.
செருப்பையும் வளையலையும்
மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு
சுவரில் இருந்த கல்லீரல் படத்தையே
எத்தனை நேரம் பார்ப்பது?
நாற்காலியில் அட்டை போன பத்திரிகை ஒன்று கிடந்தது.
இரண்டு நிமிஷம்
நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு இல்லை.

சத்தமாய்ச் சிரித்திருப்பேன் போல.
பக்கத்தில் இருந்த முக்கூடல் அம்மா
கையை நீட்டினாள்.
நகத்தில் பீடி இலைக் கறை.
வரிக்கு அடியில் விரலை ஓட்டி ஓட்டி
ஒவ்வொரு குடையாய் விரித்துப் பார்ப்பது போல வாசித்தாள்.
சிரிக்கவில்லை.
திருப்பித் தந்துவிட்டுச் சேலையை இழுத்து
எக்ஸ்ரே கவரை மடியில் சரிசெய்துகொண்டாள்.
எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூன்று டோக்கன் போயிருக்கும்.
"மாடத்தி யாரு?" என்று கூப்பிட்டார்கள்.
எழுந்து நாலடி போனவள்
கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.
"அண்ணாச்சி, அந்த ஆளு
பதினொண்ணையும் பஸ்ஸுலதான கொண்டு போயிருப்பாரு?
அப்ப மறுபடியும் விட்டுட்டுல்லா எறங்கியிருப்பாரு!"
சிரிப்பு அவளுக்கு முன்னால் உள்ளே போயிற்று.
நர்ஸம்மா அதட்டியது கேட்டது.
பிறகு நர்ஸம்மா சிரித்ததும் கேட்டது.

பக்கத்தைக் கிழித்தவன் நான்தான்.
ஸ்கேன் சென்டர்காரர்கள் மன்னிக்கவும்.
கொம்பையாவுக்கு ஒரு கார்டு போடவேண்டும்,
அவர் விட்டுவிட்டு இறங்கிய வரி
முக்கூடலில் இருக்கிறது,
அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று.
முகவரி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.